உனக்குக் கேக்கும்லா

ஹாம்பர்க்
17.11.2024, ஞாயிறு

அப்பா,

பத்தாம் வகுப்புல 'விடுப்பு வேண்டி' எழுதினதுக்கு அப்புறம் நான் எழுதுற முதல் கடிதம் இது. சிரிக்காதீங்க.

நான் வீடியோ கால் போட்டா அம்மா போனை உங்க முகத்துக்கு நேரா நீட்டுறாங்க. நீங்க ஒரு தடவை சிரிக்கிறீங்க, கையை ஆட்டுறீங்க, எழுந்து போயிடுறீங்க. அப்புறம் எனக்குத் தெரியுறது சுவரும் மாதா படமும்தான். "அப்பா கடற்கரைக்குப் போயிட்டாவ" என்கிறாங்க அம்மா. உங்களுக்குக் காது கேட்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஊருல இருந்தப்போ உங்க உள்ளங்கையில விரலால எழுதித்தானே எல்லாம் சொல்வேன். இங்க இருந்து கை நீட்ட முடியலை. அதான் பேப்பர்ல எழுதுறேன்.

நான் இருக்கிறது ஒரு சின்ன ரூம். கூட பிரேசில் நாட்டுப் பொண்ணு ஒருத்தி. அவ சாவியை ஷாவின்னுதான் சொல்றா. நாம சமையல்கட்டைக் குசினிங்கிறதை அவளும் கிட்டத்தட்ட அப்படியேதான் சொல்றா. நேவிஸ்னா அவ பாஷையில பனியாம். "பனிக்குப் பனி பாக்க வந்தியா"ன்னு கேட்டா. எங்க ஊரு மாதாவே பனி மாதாதான், அவங்க பேருன்னு சொன்னேன்.

என் விசா வேலை தேடுறதுக்கான விசா. ஒரு வருஷத்துக்குள்ள படிப்புக்கேத்த வேலை கிடைக்கணும். இல்லேன்னா திரும்பிடணும். காலையில நூலகத்துல உக்காந்து கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடுறேன். மத்தியானம் ஒரு பெரிய கேன்டீன்ல தட்டு கழுவுறேன். அம்மாகிட்ட ஆபீஸ் வேலைன்னு சொல்லியிருக்கேன். நீங்க சொல்லிடாதீங்க.

ஒண்ணு கேட்கணும். முத்துநகர் எக்ஸ்பிரஸ் கிளம்புறப்போ நீங்க ஏன் ஜன்னல்கிட்ட வரலை? தண்ணி பாட்டில் வாங்கப் போறேன்னு போனவங்க பிளாட்பாரக் கடையிலேயே முதுகைக் காட்டிக்கிட்டு நின்னீங்க. நான் கத்திக் கூப்பிட்டேன். என் மேல அவ்வளவு கோபமா?

பதில் எழுதுங்கப்பா.

நேவிஸ்


திரேஸ்புரம்
9.12.2024

ஏளா நேவிசு,

உன் கடுதாசியைத் தபால்காரரு என் கையிலதான் தந்தாரு. உங்க அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தா. நல்லதாப் போச்சு. நீயும் இனி தபால்லயே போடு. போட்டோ எடுத்து போன்ல அனுப்பாத. அதுல அனுப்புனா உங்க அம்மா படிப்பா, அவ தங்கச்சி படிப்பா, பொறவு தெருவே படிக்கும்.

நான் எட்டாங்கிளாஸ். தப்பு இருந்தா நீயே திருத்திக்க.

வீடியோவுல நீ பேசுறது எனக்கு மீனு வாயத் தொறந்து மூடுற மாதிரி இருக்கு. உங்க அம்மா சிரிக்கா. எதுக்குச் சிரிக்கான்னு எனக்குத் தெரியாது. அவ சிரிச்சதைப் பாத்து நானும் சிரிப்பேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் வேற பேச்சுக்குப் போயிருவிய. எம்பிள்ளை முன்னாடி கோட்டி மாதிரி ஒண்ணும் வெளங்காம உக்காந்திருக்க எனக்குப் பிடிக்கலை. அதான் எந்திச்சுப் போயிருதேன்.

ஸ்டேசன்ல கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. ரயிலு ஊதுனது எனக்குக் கேக்கலை. கடைக்காரன் சில்லறை எடுத்துக்கிட்டு இருந்தான். திரும்புனா ரயிலு நகந்துக்கிட்டு இருக்கு. எந்தப் பெட்டின்னு தெரியலை. எல்லா ஜன்னல்லயும் கை ஆடுது. நானும் பொதுவா ஆட்டுனேன். அந்தத் தண்ணி பாட்டிலை வீட்டுக்குத்தான் கொண்டு வந்தேன்.

கோவம் வேற விசயத்துலதான். ஹார்பர்ல கான்ட்ராக்ட் கம்பெனிக்காரன் வேலை தாரேன்னான். வீட்டுல இருந்து சைக்கிள்ல போயிரலாம். வேண்டாம்னுட்ட. கடல் தாண்டிப் போய் தட்டு கழுவுத. எஞ்சினீயருக்குப் படிச்சது இதுக்கா? எழுதக் கூடாதுன்னுதான் நெனச்சேன். எழுதிட்டேன். பேனாவால அடிச்சா அசிங்கமா இருக்கும், கெடக்கட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்க. காது ரொம்ப முக்கியம்.

அப்பா
வில்பிரட்


ஹாம்பர்க்
12.1.2025

அப்பா,

தண்ணி பாட்டில் விஷயத்தைப் படிச்சிட்டு நூலகத்துல என்னால உக்கார முடியலை. வெளியே போய் நின்னேன். அந்த ஆளு சில்லறையை வேகமா எடுத்திருக்கக் கூடாதா?

ஹார்பர் வேலையைப் பத்திக் கேட்டீங்க. அவங்க எனக்குக் கொடுத்தது கிரேன் வேலை இல்லப்பா. ஏசி ரூம்ல உக்காந்து உள்ள வர்ற லாரி நம்பரை டைப் பண்ற வேலை. "மெயின்டனன்ஸ்ல போடுங்க சார், மெக்கானிக்கல் படிச்சிருக்கேன்"னு கேட்டேன். "பொம்பளைப் பிள்ளையைக் கிரேன்ல ஏத்தி ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது"ன்னாரு. என் கூடப் படிச்ச இசக்கிராஜாவுக்கு என்னைவிட மார்க் கம்மி. அவன் இப்போ அதே கிரேன் மேலதான் நிக்கிறான். இதை அப்பவே சொல்லியிருந்தா நீங்க சண்டைக்குப் போயிருப்பீங்க. அதான் சொல்லலை.

இங்கயும் ஒண்ணும் நடக்கலை. மெயில் வரும். திறந்தா முதல் வரியிலேயே 'லைடர்'னு ஒரு வார்த்தை இருக்கும். 'துரதிர்ஷ்டவசமாக'ன்னு அர்த்தம். அதுக்கு மேல படிக்கத் தேவையே இல்லை.

ஒரே ஒரு கம்பெனி கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வீடியோவுல நேர்காணல் வச்சது. மூணு பேர் உக்காந்திருந்தாங்க. நான் படிச்ச ஜெர்மன் வேற, அவங்க பேசுற வேகம் வேற. பாதிக்கு மேல எனக்கு ஒண்ணுமே பிடிபடலை. ஒருத்தர் ஏதோ சொன்னாரு, மூணு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நான் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அவங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. அப்போ நீங்கதான் ஞாபகத்துக்கு வந்தீங்க. நீங்க எந்திரிச்சுப் போற மாதிரி எனக்கும் போகணும் போல இருந்துச்சு. இத்தனை நாளா "உக்காருங்கப்பா, ரெண்டு நிமிஷம்"னு உங்களைக் கட்டாயப்படுத்தினேனே. இனிமே பண்ண மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்குப் பிரேசில்காரி கோழி பொரிச்சா. மாதா கோயில் மணி கேட்கிற மாதிரியே இருந்துச்சு. கேட்கலை.

காதைக் குல்லாவால மூடிக்கிறேன்.

நேவிஸ்


திரேஸ்புரம்
8.2.2025

ஏளா,

உன் கடுதாசியை ரெண்டு மட்டம் படிச்சேன். கிரேன் வெசயம் படிச்சதும் ஹார்பருக்குப் போய் அந்த ஆளை நாலு கேள்வி கேக்கணும்னு சட்டையெல்லாம் போட்டேன். பொறவு, அவன் பதில் சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்? கழட்டிட்டேன்.

நீ லேட்டா சிரிச்சேன்னு எழுதியிருந்தியே, அதுக்கு ஒரு வழி சொல்லுதேன். சிரிக்காத. தலைய மட்டும் ஆட்டு. நான் அப்படித்தான் சமாளிக்கேன். எனக்கு வேலை தர வேண்டியது யாரும் இல்ல, உனக்கு அது சரிவருமான்னு தெரியலை.

வீட்டுல எல்லாம் சொகம். உங்க அம்மா உள்ளங்கையில எழுத மாட்டேங்கா. கத்துதா. கத்துனா கேக்கும்னு இன்னும் நெனைக்கா, பாவம். தெருவுல உள்ளவங்களுக்கு எங்க வீட்டுச் சங்கதி பூரா தெரிஞ்சுபோச்சு.

உங்க ரோச் மாமா புதுசா ஒரு வள்ளம் எடுத்திருக்கான். சும்மா கூடப் போயிட்டு வாரேன். வீட்டுல இருந்தா நேரம் போக மாட்டேங்கு. கடல்ல இருந்தா நல்லா இருக்கு. அதுலயும் தண்ணிக்கு அடியில போயிட்டா ரோச்சும் செவிடன்தான், நானும் செவிடன்தான். அங்கன எவனும் என்னைப் பாத்து வாயசைக்க மாட்டான். சங்கு கெடக்கும், மண்ணு கெடக்கும். நீ சின்னப் பிள்ளையில வீட்டு வாசல்ல நிக்கிற ஞாபகம் வரும். பழைய மாதிரியே இருக்கும்.

உனக்கு அந்த லைடர் இல்லாத கடுதாசி சீக்கிரம் வரும். மாதாகிட்ட சொல்லியிருக்கேன். மனசுக்குள்ளதான் சொன்னேன். அவளுக்குக் கேக்கும்.

அப்பா


ஹாம்பர்க்
2.3.2025

அப்பா,

அம்மாகிட்ட கேட்டேன். எல்லாம் சொல்லிட்டாங்க. நீங்க மறுபடியும் சங்கு குளிக்க இறங்குறீங்க. தலையணையில ரத்தம் இருந்துச்சாம். கேட்டதுக்குக் கொசு அடிச்சதுன்னு சொன்னீங்களாம்.

மதுரையில டாக்டர் என்ன சொன்னாரு? என்னைக் கூட வச்சுக்கிட்டுத்தானே சொன்னாரு. ரெண்டு காதுலயும் சவ்வு போச்சு, நரம்பும் போச்சு, மிஷின் வச்சாலும் பிரயோசனமில்லை, இனி தண்ணிக்குள்ள இறங்கினா தலை சுத்தும், மேலயா கீழயான்னே தெரியாமப் போகும். இதை உங்க கையில எழுதிக் காட்டினதே நான்தான். நீங்க தலையை ஆட்டினீங்க. சமாளிக்கிறதுக்கு ஆட்டுற ஆட்டல்தானா அதுவும்?

நீங்க இன்னொரு தடவை இறங்கினீங்கன்னு கேள்விப்பட்டா நான் டிக்கெட் போட்டு ஊருக்கு வந்துடுவேன். வேலையும் வேண்டாம், விசாவும் வேண்டாம். சொல்லிட்டேன்.

நேவிஸ்


திரேஸ்புரம்
6.4.2025

மக்கா நேவிசு,

இந்தக் கடுதாசியை உக்காந்து நிதானமாப் படி. எனக்கு இப்போ ஒண்ணும் இல்ல. அதை முதல்லயே சொல்லிருதேன்.

உள்ளதைச் சொல்லுதேன். டிக்கெட் போட்டு வந்துருவேன்னு நீ எழுதுன வரியப் படிச்சதும் எனக்குப் பயம் வரலை. சந்தோசம் வந்துச்சு. இறங்குனா எம்பிள்ளை வந்துருவா. அப்படித்தான் புத்தி போச்சு. கடுதாசியை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு மறுநாள் ரோச்சு வள்ளத்துல ஏறிட்டேன். ரோச்சுகிட்ட நீ எழுதுனதைச் சொல்லலை.

இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு எப்பவும் போல மூச்சைப் பிடிச்சு இறங்குனேன். தரையைத் தொட்டாச்சு. ஒரு சங்கு கையில அகப்பட்டுச்சு. எடுத்துக்கிட்டுத் திரும்புதேன், தலை கிறுகிறுன்னு சுத்துது. வெளிச்சம் நாலு பக்கமும் இருக்கு. எது மேல, எது கீழன்னு தெரியலை. மேல போறேன்னு நெனச்சுக் கையை வீசுதேன், மண்ணுல முகம் முட்டுது. வாழ்க்கை பூரா குளிச்ச தண்ணி. எனக்கு வழி தெரியலை.

கயித்துல ஆட்டம் இல்லன்னதும் ரோச்சு சந்தேகப்பட்டு இழுத்துட்டான். வள்ளத்துல கெடந்து வாந்தி எடுத்தேன். ரோச்சு என்னைப் போட்டுத் திட்டுதான். என்ன திட்டுனான்னு எனக்குத் தெரியாது. அழுதுக்கிட்டே திட்டுனான், அது தெரிஞ்சுது. கழட்டிப் போட்டிருந்த சட்டைப் பைக்குள்ள இருந்து உன் கடுதாசியை எடுத்து அவன்கிட்ட தந்தேன். படிச்சிட்டு எஞ்சினை ஓட்டிக் கரைக்கு வந்துட்டான். இனி வள்ளத்துல காலை வச்சா வெட்டிப்போடுவேன்னு மணல்ல எழுதிக் காட்டுனான்.

அன்னைக்கோட முடிச்சாச்சு. மாதா மேல ஆணையா முடிச்சாச்சு.

இப்போ நான் சொல்லுததைக் கேளு. வராத. நான் செத்திருந்தா நீ வந்திருப்ப. அப்படியெல்லாம் நீ வரக் கூடாது. வேலை கெடச்சு லீவு வாங்கிக்கிட்டு வா. வேலை கெடைக்கல, விசா முடிஞ்சதுன்னு வா, அதுவும் சரிதான். என்னால வராத.

ஐஸ் கம்பெனியில சேந்திருக்கேன். மிஷின்ல ஐஸ் அரைக்கிற சத்தத்துல அங்கன எவனுக்கும் எதுவும் கேக்காது. எல்லாவனும் சைகையிலதான் பேசுதான். நான்தான் அதுல கெட்டிக்காரன்.

உங்க அம்மாவுக்கு இந்த விசயம் தெரியாது. தெரிய வேண்டாம்.

அப்பா


ஹாம்பர்க்
18.5.2025

அப்பா,

கடிதத்தை எடுத்துக்கிட்டு எல்பே ஆத்தங்கரைக்குப் போயிட்டேன். பெரிய பெரிய கப்பல் எல்லாம் அங்கதான் போகும். ஒரு பெஞ்சுல உக்காந்து படிச்சேன். பக்கத்துல நாயோட வந்த ஒரு அம்மா "உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாங்க. "எங்கப்பா பிழைச்சிட்டாரு"ன்னு சொன்னேன். ஜெர்மன்ல தப்பில்லாம நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்னு நினைக்கிறேன்.

உங்க மேல கோபப்படவும் முடியலை. அந்த வரியை எழுதினவ நான்தானே.

ரோச் மாமாவுக்குத் தனியா ஒரு கடிதம் போட்டிருக்கேன். அதை நீங்க படிக்க வேண்டாம்.

இங்க ஒரு பம்பு கம்பெனியில ரெண்டு தடவை நேர்ல கூப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை கேன்டீன் சாப்பாடு வரைக்கும் வாங்கிக் கொடுத்தாங்க. கிடைச்சிடும்னு நம்பி, கடையில போய் ஒரு நல்ல சட்டை கூட எடுத்தேன். போன வாரம் லைடர் வந்துடுச்சு. என் மொழி இன்னும் பத்தாதாம். அன்னைக்கு கேன்டீன்ல கைதவறி ரெண்டு தட்டை உடைச்சேன்.

அக்டோபர்ல விசா முடியுது. நான் வந்துடட்டுமாப்பா? உங்களால இல்லை. எனக்கே முடியலை. காலையில எழுந்து அந்த மெயிலைத் திறக்கிறதுக்குப் பயமா இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். போன வாரம் உங்க குரலை நினைச்சுப் பார்த்தேன். வரலை. உங்க முகம் வருது, கை வருது, நீங்க எழுதுற எழுத்து வருது, குரல் மட்டும் வர மாட்டேங்குது. போன்ல தேடினேன். அத்தை மகன் கல்யாண வீடியோவுல நீங்க ஏதோ சொல்றீங்க. அது மேல நாதஸ்வரம் ஓடுது. அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு. நான் ஊருல இருந்தப்பவே நீங்க பேசுறதைக் குறைச்சிட்டீங்க. அப்போ எனக்கு அது பெரிசாத் தெரியலை.

வரட்டுமா, வேண்டாமா? உங்க வாயால சொன்னா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கிட்டே தூங்கிட்டேன்.

நேவிஸ்


திரேஸ்புரம்
15.6.2025

நேவிசு,

நீ வரட்டுமான்னு கேட்டதும் வான்னு எழுதத்தான் கை போச்சு. ஒரு பேப்பரைக் கிழிச்சும் போட்டேன். இது ரெண்டாவது பேப்பர்.

விசா முடியுற வரைக்கும் இரு. விசா முடிஞ்சா வா. நான் ஸ்டேசன்ல ரயிலு வாரதுக்கு முன்னாடியே வந்து நிப்பேன். ஆனா ஒரு பம்புக்காரன் வேண்டாம்னுட்டான்னு பாதியில எந்திச்சு வராத. நான்தான் பாதியில எந்திச்சுப் போறவன். நீ அப்படி இல்ல. உங்க அம்மா மாதிரி. அவ ஒரு கூடை மீனு விக்காம மார்க்கெட்டை விட்டு எந்திச்சு நான் பாத்ததில்ல.

குரல் வெசயம் எழுதியிருந்த. ஏன் பேசுறதில்லைன்னா, காது போன புதுசுல ஒரு நாள் கோயில்ல பூசை நடக்கு. சனங்க எல்லாம் செபம் சொல்லுதாவ. வாயசைவப் பாத்து நானும் சொல்லுதேன். நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன். எல்லாரும் முடிச்சிட்டாவ, எனக்குத் தெரியலை. கோயிலே திரும்பிப் பாக்கு. சின்னப் பிள்ளைய எல்லாம் சிரிக்கு. சாமியாரு என்னைப் பாத்துக் கையைக் காட்டுதாரு. உங்க அம்மா என் தொடையில தட்டுனா. நான் அன்னைக்கு எவ்வளவு சத்தத்துல பேசுனேன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. அதுல இருந்து நாலு பேரு முன்னாடி வாயைத் தொறக்கிறதில்ல. எம்மனசுக்குள்ள ஒரு குரலு இருக்கு. அது பழைய குரலு. வெளியில வாரது எப்படி இருக்கோ.

என் குரல்ல என்ன இருக்கு. வள்ளத்துல கத்திக் கத்தி உடைஞ்ச குரலு. அதை விடு.

மாதா கோயில் கொடியேத்தம் வருது. உனக்கும் சேத்து மெழுகுவத்தி ஏத்துதேன். சட்டை எடுத்தேன்னியே, அதைப் பத்திரமா வை. வேற கம்பெனிக்குப் போட்டுக்கிட்டுப் போகலாம்லா.

அப்பா


குக்ஸ்ஹாஃபன்
14.9.2025

அப்பா,

வேலை கிடைச்சிருச்சு.

அம்மா கத்தினதுல உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனாலும் என் கையால எழுதணும்.

இது ஹாம்பர்க்ல இருந்து ரயில்ல வர்ற தூரத்துல இருக்கிற சின்ன ஊரு. எல்பே ஆறு கடல்ல சேர்ற இடம். மீன்பிடித் துறைமுகம் இருக்கு. படகுல வலை இழுக்கிற மிஷின், ஹைட்ராலிக் பம்பு, இதெல்லாம் ரிப்பேர் பண்ற கம்பெனி. ரெண்டு நாள் வேலை செஞ்சு காட்டச் சொன்னாங்க. முதல் நாள் புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனேன். பட்டறையோட தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "இது அழுக்காகும்"னாரு. "பரவாயில்லை"ன்னேன். ஒரு பம்பைப் பிரிச்சுப் போட்டு, எது கெட்டிருக்குன்னு கேட்டாரு. பேச்சு கம்மி, கை வேலை ஜாஸ்தி. எனக்கு அது போதுமா இருந்துச்சு. ரெண்டு இடத்துல சரியாச் சொன்னேன், ஒரு இடத்துல தப்பாச் சொன்னேன். தப்பை அவரே பிரிச்சுக் காட்டினாரு.

"இதுக்கு முன்னாடி படகு எஞ்சினைத் தொட்டிருக்கியா?"

"தொட்டிருக்கேன். எங்க ரோச் மாமாவோட பழைய வள்ளத்துல. ஒரு தடவை கூடச் சரியானதில்லை."

அவரு சிரிச்சாரு. இந்தத் தடவை எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது. நானும் கூடவே சிரிச்சேன்.

அக்டோபர் ஒண்ணாம் தேதி சேரணும், இப்பவே இங்க ரூம் எடுத்து வந்துட்டேன். எஞ்சினியர்னு போட்டே கடிதம் தந்திருக்காங்க. விசாவை மாத்தி எழுதணும், அதுவரைக்கும் நாட்டை விட்டுப் போக வேண்டாம்னு சொல்றாங்க. முதல் ஆறு மாசம் நீளமா லீவு கிடையாது. கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. அடுத்த வருஷம் ஆகஸ்டுல மாதா கோயில் திருவிழாவுக்குத்தான் வர முடியும் போல.

சந்தோஷமா எழுதணும்னுதான் உக்காந்தேன். வேலை கிடைச்ச அன்னைக்கு ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். வேலை கிடைக்கலேன்னா அக்டோபர்ல உங்களைப் பார்த்திருப்பேன்ல? அந்த நினைப்பும் கூடவே வந்துச்சு. இதை அம்மாகிட்ட சொல்ல முடியாது. எஞ்சினியர் ஆயிட்டேன்னு அவங்க தெரு பூரா லட்டு கொடுத்துட்டாங்க.

நேவிஸ்


திரேஸ்புரம்
19.10.2025, ஞாயிறு

ஏளா எஞ்சினீயரம்மா,

லட்டுல எனக்கு ஒண்ணுதான் தந்தா உங்க அம்மா. சர்க்கரை இருக்காம்.

உன் கடுதாசியை ஐஸ் கம்பெனிக்குக் கொண்டு போயி எல்லாவனுக்கும் காட்டுனேன். கிரேன் மேல ஏத்த மாட்டோம்னு சொன்ன ஆளை ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். போய் முன்னாடி நின்னேன். அவனுக்கு நான் யாருன்னே தெரியலை. சரி போன்னு வந்துட்டேன்.

அடுத்த ஆகஸ்டுன்னு படிச்சதும் ரெண்டு நாளு சோறு எறங்கலை. நான் சொல்லித்தான் நீ இருந்த. அப்படி இருந்தும் எறங்கலை. என்ன செய்ய.

இன்னைக்கு ஒரு காரியம் செஞ்சிருக்கேன். இந்தக் கடுதாசி வந்து சேருததுக்கு முன்னாடியே அது உனக்கு வந்திருக்கும்.

காலையில பூசை முடிஞ்சு வரும்போது ஒரு பையன் போனைப் பாத்து அவன்பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறான். எதுத்தாப்புல ஆளு இல்ல. பதில் கேக்கவும் இல்ல. பேசி முடிச்சு, ஒரு அமுக்கு அமுக்கி அனுப்பிட்டான். நான் அப்படியே ரோட்டுல நின்னுட்டேன். எனக்குத்தான கேக்காது. உனக்குக் கேக்கும்லா. ஒரு வருசமா ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிட்டுல்லா இருந்திருக்கேன். ஒரு பக்கம் தொறந்துதான கெடந்திருக்கு. இந்த மண்டைக்கு இது தோணவே இல்லையே.

நேரா ரோச்சு வீட்டுக்குப் போனேன். வீட்டுல வச்சுப் பேசக் கூச்சமா இருந்துச்சு. ரெண்டு பேருமா வள்ளத்தை எடுத்துக்கிட்டுக் கரைக்குக் கொஞ்சம் தள்ளிப் போனோம். காலை வச்சா வெட்டுவேன்னு சொன்னவன் அவனே கையைப் பிடிச்சு ஏத்துனான். அங்கன யாரும் இல்ல. போனை என் வாய்கிட்ட பிடிச்சான். எவ்வளவு சத்தமாப் பேசணும்னு சைகையில கேட்டேன். உனக்கு வந்த மாதிரி பேசுன்னு காட்டுனான்.

என்ன பேசுனேன்னு எழுத மாட்டேன். நீதான் கேட்டிருப்பியே. முடிச்சிட்டு, சரியா வந்திருக்கான்னு ரோச்சுகிட்ட கேட்டேன். அவன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கிட்டான். கையை மட்டும் ஆட்டுனான். எப்படி இருந்துச்சுன்னு நீ உள்ளதை எழுது. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு எழுது.

அப்பா


குக்ஸ்ஹாஃபன்
19.10.2025, ஞாயிறு

அப்பா,

இன்னைக்கு மத்தியானம் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். போன்ல ரோச் மாமா நம்பர்ல இருந்து ஏதோ வந்திருந்துச்சு. அவர் எனக்கு எப்பவும் எதுவும் அனுப்ப மாட்டார். உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சு, திறக்கிறதுக்குக் கை வரலை. கட்டில்ல உக்காந்துக்கிட்டுத் திறந்தேன்.

முதல்ல காத்து. அப்புறம் தண்ணி வள்ளத்துல மோதுற சத்தம். அப்புறம், "ஏய் ரோச்சு, ஓடுதா?" ரொம்பச் சத்தமா. ஒரு வள்ளத்துல இருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கூப்பிடுவீங்களே, அந்தச் சத்தம்.

"ஏளா நேவிசு. அப்பா பேசுதேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்குக் கேக்காது. நான் சொல்லுதேன், நீ கேளு."

அதுக்கப்புறம் என்ன சொல்றதுன்னு உங்களுக்குத் தெரியலை. அது எனக்குப் புரிஞ்சுது. அப்புறம் சாப்பிட்டியான்னு கேட்டீங்க. குளிருக்குச் சட்டை போட்டியான்னு கேட்டீங்க. அப்புறம் வேற ஒண்ணும் கிடைக்காம, நேத்து ஏலக்கூடத்துக்கு என்னென்ன மீன் வந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சீங்க. சீலா வந்துச்சு, ஊளி வந்துச்சு, பாறை நல்ல பெரிசு, நண்டு இல்ல. கடைசியில, "நல்லா வேலை பாருத்தா. லீவு தரும்போது வா. அப்பா இங்கனதான் இருக்கேன்."

உங்க குரல் மாறியிருக்குப்பா. சில எழுத்து தேஞ்சு போயிருக்கு. 'ச' வர்ற இடமெல்லாம் காத்து மாதிரி வருது. நடுவுல சத்தம் ஏறுது, இறங்குது. ஆனா அது நீங்கதான். பத்துப் பேர் நடுவுல கேட்டாலும் எழுந்து வந்திருப்பேன். மறந்துடுச்சுன்னு எழுதினேனே, மறக்கலை. 'ஏளா'ன்னு நீங்க சொன்ன உடனே எனக்கு மீதி எல்லாம் வந்துடுச்சு.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நீங்க சாப்பிட்டியான்னு கேட்கிற இடத்துல, "சாப்பிட்டேன்பா"ன்னு சொன்னேன். முதல்ல மெதுவாத்தான் சொன்னேன். அப்புறம் உங்க சத்தத்துக்கே சொல்ல ஆரம்பிச்சிட்டேன். சீலா என்ன விலைக்குப் போச்சு, அம்மா என்ன எடுத்தாங்க, ரோச் மாமா எஞ்சின் இப்போ ஒழுங்கா ஓடுதா, எல்லாம் கேட்டேன். இந்த வாரம் நான் பிரிச்ச பம்பைப் பத்திச் சொன்னேன். உங்களுக்குக் கேட்காதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்.

பக்கத்து ரூம்காரி சுவத்துல தட்டினா. நான் நிறுத்தலை.

நேவிஸ்